மினேகோவின் பாத நஞ்சும் நகராட்சிக் குப்பை விதியும்

ஜப்பானின் நாகஓக்கா நகரில் குப்பை பிரிக்கத் தெரியாதவரை மனிதரில் சேர்ப்பதில்லை. மினேகோ அதில் கரைகண்டவள். பாட்டிலுக்கு ஒரு கிழமை, மூடிக்கு வேறு கிழமை, எல்லாம் மனப்பாடம். அறுபத்தொரு வயதில் அவளைத் திணறவைத்தது தன் காலிலிருந்து இறங்கிய நஞ்சுதான்.

அந்த நஞ்சை இறக்கியவை, மரச்சாறுப் பொடி அடைத்த சின்ன ஒட்டுப்பட்டைகள். படுக்கப்போகுமுன் உள்ளங்காலில் ஒட்டிக்கொண்டால், காலையில் கன்னங்கரேலென்று பிசுபிசுத்துக் கிடக்கும். உடம்பிலிருந்த ஈயமும் பாதரசமும் இறங்கிவிட்டதாக அட்டைப்பெட்டி சத்தியம் செய்தது. மினேகோ நம்பினாள். நம்பாமல் முடியாது. இலையுதிர் காலத்திலிருந்து இரண்டு பாதங்களும் மரத்துப் போயிருந்தன. அவளுடைய அம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. சர்க்கரை நோய் என்று சொல்லி ஒரு காலை எடுத்துவிட்டார்கள். நகராட்சி வருடாவருடம் அனுப்பும் இலவசப் பரிசோதனைக் கடிதத்தை மினேகோ பிரிக்காமலே, விதிப்படி, காகிதக் குப்பையில் போட்டுவந்தாள்.

பாதரசம் என்றால் ஆபத்தான குப்பையல்லவா? இரண்டு மாதத்துப் பட்டைகளை ஒரு பையில் கட்டி, பழைய வெப்பமானிகளோடு சேர்த்து வைத்தாள். குப்பை வண்டிக்காரர்கள் பையின்மேல் 'எடுக்க முடியாது' என்ற சிவப்புச் சீட்டை ஒட்டி, தெருவே பார்க்கும்படி விட்டுப்போனார்கள்.

தெருக் குப்பையைக் கண்காணிக்கும் முறை அந்த மாதம் எதிர்வீட்டு நிஷிவாகியுடையது. பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"மினேகோ அக்கா, உங்க பையை விட்டுட்டுப் போயிட்டாங்க. உள்ள என்னக்கா, கருகின அரிசிப் பலகாரம் மாதிரி?"

"என் கால்ல இருந்த நஞ்சு."

"அய்யய்யோ, மெல்லப் பேசுங்க! தெருவுல வீட்டு விலை இறங்கிடும்."

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து கணவர் யசுஹிரோவின் குரல் வந்தது. "இவகிட்ட நஞ்சு இருக்குன்னு முப்பத்தஞ்சு வருஷமா தெரியும். கால்ல இருக்குன்னுதான் தெரியாமப் போச்சு."

மினேகோ நகராட்சிக்குத் தொலைபேசியில் பேசினாள். எடுத்தவன் மரியாதை தெரிந்த பையன்.

"அம்மா, அது எரியிற குப்பைதாங்க."

"பாதரசத்தை எரிச்சா காத்துல கலக்காதா தம்பி? பொறுப்பாப் பேசுங்க."

"மன்னிச்சுக்கணும். உங்களுக்கு முன்னாடியே நாலு பேர் கேட்டுட்டாங்க. ஒரு புதுப் பட்டையத் தட்டுல வச்சு, தண்ணி தெளிச்சுப் பாருங்களேன்."

தெளித்தாள். தேநீர் ஆறுவதற்குள் பட்டை கறுத்துப் பிசுபிசுத்தது. யசுஹிரோ எட்டிப் பார்த்தார்.

"அட, தட்டுக்கும் உடம்பு சரியில்லையா?"

குழாய்த் தண்ணீரில்தான் நஞ்சு என்று முதலில் தோன்றியது அவளுக்கு. குடிநீர்ப் பிரிவுக்குப் புகார் சொல்லக் கை தொலைபேசி வரை போனது. பாதியில் நின்றது. இரண்டு மாதமாக எதுவும் இறங்கவில்லை. உள்ளே இருந்தது உள்ளேயேதான் இருக்கிறது.

உட்கார்ந்து காலுறையை உருவினாள். இடது காலுறை வரவில்லை, குதிகாலோடு ஒட்டியிருந்தது. இழுத்ததும் உள்ளங்கையளவு கொப்புளம் உடைந்து சிவந்த சதை தெரிந்தது. போர்வை போர்த்திய சூட்டு மேசைக்கடியில் கால் நீட்டி உட்காரும்போது கணப்பில் பட்டிருக்க வேண்டும். என்றைக்கு என்று அவளுக்குத் தெரியவில்லை.

யசுஹிரோவின் சிரிப்பு நின்றுவிட்டது. "ஓய்... இது வலிக்கலையா உனக்கு?"

"இல்லயே."

அவர் கார்ச் சாவியைத் தேடினார்.

மருத்துவமனையில் இளம் பெண் மருத்துவர் புண்ணுக்குக் கட்டுப்போட்டார். ரத்தம் எடுத்தார். பிறகு தூண்டில் நரம்பு போன்ற மெல்லிய இழை ஒன்றைக் காட்டினார்.

"கண்ணை மூடிக்குங்க. இது கால்ல படுறப்ப எல்லாம் 'தெரியுது'ன்னு சொல்லணும், அவ்வளவுதான்."

மினேகோ கண்ணை இறுக மூடினாள். காலை அல்ல, காதைத் தீட்டிக்கொண்டாள். மருத்துவர் அங்கியின் கை சரசரத்தது.

"தெரியுது," என்றாள். இன்னொருமுறை சரசரப்பு. "தெரியுது. நல்லாவே தெரியுது டாக்டர்."

மருத்துவர் இழையை மேசைமேல் வைத்தார்.

"மினேகோ அம்மா, நான் இன்னும் தொடவே இல்லீங்க."