சட்டை நீலமானால்தான் குளிர்

பிள்ளைகளே, இடுக்கி மலையில் எங்கள் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்த ஓர் அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். பேசும்போதெல்லாம் வெடித்த விரல்களை வாயருகே வைத்து ஊதிக்கொள்வார்.

ஒரு பனிக்காலத்தில் எஸ்டேட்டில் எல்லோருக்கும் புதுச் சட்டை கொடுத்தார்கள். துணிக்குள் இருக்கும் நுண்ணிய குமிழ்கள் அடுப்புச் சூட்டைச் சேர்த்து வைக்கும். சூடு இருந்தால் சட்டை வெள்ளை, தீர்ந்தால் நீலம்.

உறைபனி விழுந்த காலையில் அக்கா கேட்டார்: "சார், வெரலு மரத்துப்போச்சு. செத்த நேரம் தீ காஞ்சுட்டு வாரேன்."

சூப்பர்வைசர் சட்டையைப் பார்த்தார். "வெள்ளையாத்தானே இருக்கு? ஒனக்குக் குளிரல. போ."

"சட்டைக்குத்தான் குளிரல சார். கொழுந்து கிள்ளுறது சட்டையா?"

அவர் விடவில்லை.

மறுநாள் அக்கா சட்டையை ஓடைத் தண்ணீரில் முக்கி, நீலமாக்கிப் போட்டுக்கொண்டு வந்தார்.

"அடடா, போம்மா, தீ காஞ்சுக்க" என்றார் சூப்பர்வைசர்.

நடுங்கிக்கொண்டே அக்கா அவரைக் கும்பிட்டார். அந்தக் கும்பிடுதான் என் மனசில் இன்னும் ஆறவில்லை.