என் பாம்பு எதனால் செத்தது என்று எனக்குத் தெரியாது

ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டு, வழக்கம்போல நேரே கண்ணாடிப் பெட்டிக்குப் போனேன். பாம்பு தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் தலையை வைத்தபடி நீட்டி நிமிர்ந்து கிடந்தது. பாம்பு அப்படிக் கிடக்காது. எவ்வளவு அசந்து படுத்திருந்தாலும் அதன் உடம்பில் எங்காவது ஒரு வளைவு இருக்கும். இதில் ஒன்றும் இல்லை. கையில் தூக்கினேன். இரண்டு பக்கமும் ஈரத்துணி போலத் தொங்கியது. வாய் சற்றே திறந்திருந்தது.

அன்று காலை ஆறு மணிக்கு அது நன்றாக இருந்தது. பெட்டியின் முன்பக்கம் வந்து, நாக்கை நீட்டி நீட்டி என்னைப் பார்த்தது. எட்டு நாட்களுக்கு முன் இரை எடுத்திருந்தது. மூன்று வாரங்களுக்கு முன் தோலைத் தலையிலிருந்து வால் நுனிவரை ஒரே துண்டாகக் கழற்றியிருந்தது. பெட்டியின் சூடு இருக்க வேண்டிய அளவில் இருந்தது. எல்லாம் இருக்க வேண்டியபடியே இருந்தன, பாம்பைத் தவிர.

அதற்கு ஒரு பெயர் இருந்தது. அதை இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பெயரைக் கேட்டுச் சிரித்தவர்கள் ஏற்கனவே போதுமான அளவு இருக்கிறார்கள்.

அது சோளப்பாம்பு என்ற வகை. அமெரிக்காவில் சோளக் களஞ்சியங்களில் எலி பிடித்துத் தின்னும் பாம்பு. விஷம் இல்லை. செம்மஞ்சள் நிறம், முதுகில் செங்கல் நிறத் திட்டுகள், வயிற்றில் சதுரங்கப் பலகை போலக் கறுப்பும் வெள்ளையும். என் திருமணம் முறிந்து, ஜெர்மனியின் எசன் நகரிலிருந்து தனியாக வுப்பர்டாலுக்கு வந்த வருடம் அதை எடுத்தேன். வீட்டுக்காரர் நாயும் பூனையும் கூடாது என்றார். பாம்பைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, அவருக்கு அப்படியொரு யோசனையே வந்திருக்காது. விலங்குகள் காப்பகத்தில் இருந்தவர்கள், யாரோ வீட்டைக் காலிசெய்தபோது குளியல் தொட்டியில் விட்டுவிட்டுப் போன பாம்பு அது என்றார்கள். அதைக் கேட்டதும் எடுத்துக்கொண்டேன். வேறு எதையும் யோசிக்கவில்லை.

முதல் வாரம் எனக்கும் பயம்தான். பிறகு ஒருநாள் அது என் முழங்கையைச் சுற்றி ஏறி, சட்டைக் கைக்குள் தலையை விட்டு அரை மணி நேரம் அசையாமல் இருந்தது. அதற்கு என் உடம்புச் சூடு மட்டும்தான் தேவைப்பட்டது என்று எனக்குத் தெரியும். பாம்புக்கு அன்பு கிடையாது என்று சொல்ல வருகிறவர்கள் வரவேண்டாம். அன்பு காட்டத் தெரிந்த ஒருவரோடு நான் ஒன்பது வருடங்கள் வாழ்ந்தவள். பாம்போடு வாழ்ந்த ஆறு வருடங்களில் ஒருநாள்கூட அதன் முகத்தைப் பார்த்து இன்றைக்கு எப்படியிருக்குமோ என்று கணக்குப் போட்டதில்லை.

செத்த பாம்பைத் துவாயில் சுற்றி, காலணிப் பெட்டிக்குள் வைத்து, ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டு ஓடினேன். பாம்பு சில நேரம் செத்தது போல இருக்கும், செத்திருக்காது என்று எங்கோ படித்திருந்தேன். மருத்துவர் என் வயதுப் பெண். இதயத் துடிப்பைக் கேட்கும் சிறு கருவியை அதன் கழுத்துக்குக் கீழே வைத்து நகர்த்தினார். இரைச்சல் மட்டும் கேட்டது. மீண்டும் வைத்தார். இரண்டு நிமிடம் போயிருக்கும்.

"இல்லை. சில மணி நேரம் ஆகியிருக்கும்," என்றார்.

"எதனால்?"

"பார்த்துச் சொல்ல முடியவில்லை. உடல் நல்ல நிலையில் இருக்கிறது. பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினால் அறுத்துப் பார்ப்பார்கள். ஆனால் அனுப்பினால் உடல் உங்களுக்குத் திரும்பி வராது. யோசித்துச் சொல்லுங்கள்."

நான் யோசிக்கவில்லை. "அனுப்புங்கள்," என்றேன். துவாயை மட்டும் திருப்பித் தந்தார்.

அன்று மாலையே வேலைத்தலத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். நான் கிண்டர்கார்டன் ஒன்றில் வேலை செய்கிறேன், மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளோடு. அதன் பொறுப்பாளர் ஐம்பது வயது கடந்த ஜெர்மன் பெண், மனம் நல்லவர்.

"நாளைக்கு வரமாட்டேன்," என்றேன்.

"உடம்புக்கு முடியவில்லையா?"

"உடம்புக்கு ஒன்றுமில்லை. என் பாம்பு செத்துவிட்டது."

மறுபக்கம் பேனா தேடும் சத்தம் கேட்டது. பிறகு, "தலைவலி என்று குறித்துக்கொள்கிறேன், சரியா?" என்றார். எனக்கு உதவி செய்கிறார் என்றுதான் நினைத்தார்.

"வேண்டாம். என் விடுப்பு நாளில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். யாராவது கேட்டால் பாம்பு செத்ததால் வரவில்லை என்றே சொல்லுங்கள்."

வெட்கப்பட ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு பொய்யைப் போட்டு மூடினால், பிறகு அங்கே வெட்கப்பட ஏதோ இருந்தது போலவே ஆகிவிடும். இதை நான் திருமணம் முறிந்த காலத்தில் படித்துக்கொண்டேன். அப்போது அம்மா எல்லோரிடமும் "மருமகனுக்கு மியூனிக்கில வேலை" என்று இரண்டு வருடம் சொல்லிக்கொண்டிருந்தா.

வியாழக்கிழமை வேலைக்குப் போனபோது பொறுப்பாளர் என்னைத் தனியாக அழைத்தார். பிள்ளைகளுக்கு என் பாம்பைத் தெரியும். அது கழற்றிய தோலை ஒவ்வொரு முறையும் கொண்டுபோய்க் காட்டுவேன், அவர்கள் தடவிப் பார்த்துவிட்டுப் படம் வரைவார்கள். "கேட்டால், நீண்ட தூக்கத்துக்குப் போய்விட்டது என்று சொல்லலாமே. சிறு பிள்ளைகள்," என்றார்.

"இங்கே பத்துப் பிள்ளைகள் மத்தியானம் தூங்குகிறார்கள். தூங்கினால் திரும்பி வரமுடியாது என்று அவர்களுக்கு நான் சொல்லமாட்டேன்."

காலையில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்ததும் நேராகச் சொன்னேன். என் பாம்பு செத்துவிட்டது. இனி வராது. ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி கையை உயர்த்தினாள்.

"நீ அதற்குச் சாப்பாடு குடுக்க மறந்துட்டியா?"

"இல்லை, கொடுத்தேன்."

"அப்போ ஏன் செத்தது?"

"தெரியாது. டாக்டருக்கும் இன்னும் தெரியாது."

"உனக்குக் கோபமா?"

அந்த இரண்டு நாட்களில் என்னிடம் யாரும் கேட்ட ஒரே சரியான கேள்வி அதுதான். துக்கமா என்று கேட்டார்கள், இன்னொன்று வாங்கலாமே என்றார்கள், பாம்புதானே என்றார்கள். "ஆமாம், சரியான கோபம்," என்றேன். அவள் தலையாட்டிவிட்டு ஆப்பிள் துண்டு எடுக்கப் போனாள்.

அடுத்த நாள் எசனிலிருந்து அம்மாவின் அழைப்பு. பாம்பு செத்ததை அன்றிரவே அவவிடம் சொல்லியிருந்தேன். அம்மா அந்தப் பாம்பு இருந்த ஆறு வருடமும் என் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. நான்தான் ஒவ்வொரு ஞாயிறும் அங்கே போவேன்.

"பிள்ளை, சொல்லுறன் எண்டு கோவியாதை. வீட்டுக்குள்ள பாம்பு செத்தா பெரிய தோசமாம்."

"ஆர் சொன்னது?"

"கோயிலுக்கு வாற அக்காதான். ஊன்ட்றொப் கோயில்ல ஒரு சாந்தி செய்யோணுமாம். அவவே ஐயரிட்டைக் கதைச்சு நாளும் எடுத்திட்டா. வாற மாசம் முதல் சனி. நீ ஈரத்தோட நிண்டு பால் ஊத்தினாக் காணும்."

"அம்மா, அது நாகபாம்பு இல்லை. அமெரிக்காப் பாம்பு. எங்கட தோசம் ஒண்டும் அதுக்குத் தெரியாது."

"பகிடி விடாதை! கலியாணம் முறிஞ்சவள் பாம்போட குடும்பம் நடத்துறாள் எண்டு சனம் கதைச்சது. எல்லாத்தையும் கேட்டுக்கொண்டு இருந்தனான். இப்ப அதுவும் செத்துப்போச்சு. நீ அதுக்கு என்ன செய்தனி?"

நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். அம்மாவின் அழைப்பை அப்படி நடுவில் வைத்தது அதுதான் முதல் தடவை.

நீ அதற்கு என்ன செய்தாய். அந்தக் கேள்வியை அம்மா கேட்பதற்கு முன்பே நான் என்னிடம் கேட்டு முடித்திருந்தேன். அந்த வாரம் பெட்டியின் தரையில் புதிய தும்புத் தூள் போட்டேனா? சன்னலைத் துடைத்த மருந்து காற்றில் கலந்ததா? இரைக்காக உறைபெட்டியிலிருந்து எடுத்து உருக வைத்த எலி உள்ளே இன்னும் குளிராக இருந்ததா? மேல் வீட்டுக்காரர் சுவரில் துளை போட்ட சத்தமா? ஒரு கொப்பியில் அதன் எடை, இரை கொடுத்த நாள், தோல் கழற்றிய நாள் எல்லாம் எழுதி வைத்திருந்தேன். அதை முதல் பக்கத்திலிருந்து இரண்டு தடவை படித்தேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை. படித்து முடித்தபோது எனக்கு ஆறுதல் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. எல்லாவற்றையும் சரியாகச் செய்தவள் ஏன் தன் வீட்டுக்குள்ளேயே களவு எடுத்தவள் போல நிற்க வேண்டும்?

கடிதம் இரண்டு வாரம் கழித்து வந்தது. இரண்டு பக்கம். இதயம், நுரையீரல், ஈரல், குடல் என்று ஒவ்வொன்றையும் பிரித்து எழுதியிருந்தார்கள். நன்கு பேணப்பட்ட பெண் பாம்பு என்று ஒரு வரி. கிருமி எதுவும் இல்லை, நஞ்சு இல்லை, கட்டி இல்லை. கடைசியில், இறப்புக்கான காரணத்தைக் கண்டறிய முடியவில்லை.

மருத்துவரைக் கூப்பிட்டேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். நான் முழுவதும் படித்தேன். இதில் உங்களுக்கு எதிராக ஒரு வரியும் இல்லை," என்றார். அதன் பிறகுதான் நான் அழுதேன். சமையலறையில் நின்றபடி, தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் அழுதேன். அவரும் வைக்கவில்லை.

அந்த ஞாயிறும் நான் எசனுக்குப் போகவில்லை. மத்தியானம் அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் அம்மா. கையில் சோற்றுப் பாத்திரம், தோளில் பை, படியேறி வந்த மூச்சிரைப்பு. இரண்டு ரயில் மாறித் தனியாக வந்திருந்தா. வாசலில் நின்றபடியே உள்ளே எட்டிப் பார்த்தா.

"இப்ப ஒண்டும் இல்லைத்தானே?"

"ஒண்டும் இல்லை. வாங்கோ."

சாப்பிட்டு முடியும்வரை அம்மா சாந்தியைப் பற்றிப் பேசவில்லை. கை கழுவிவிட்டு வந்து ஆரம்பித்தா. வருகிற சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்த அக்காவின் மகன் கார் கொண்டுவருவானாம். நான் சேலை கட்டி ஆயத்தமாக நின்றால் போதுமாம்.

நான் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தேன். "இதை வாசிக்கிறன், கேளுங்கோ." ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன்.

"அப்ப என்னெண்டுதான் செத்ததாம்?"

"தெரியாதாம்."

"அதென்ன, படிச்ச ஆக்களுக்கும் தெரியாதோ? அதுதான் சொல்லுறன், வேற ஏதோ..."

"அம்மா. அப்பா செத்த நேரம் உங்களை என்ன சொன்னவை எண்டு மறந்திட்டியளோ?"

அப்பா நாற்பத்தொன்பது வயதில் செத்தார். காலையில் வேலைக்குப் போகச் சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. அதற்கு முந்தின மாதம்தான் எல்லாப் பரிசோதனையும் செய்து ஒன்றுமில்லை என்றிருந்தார்கள். முப்பத்தோராம் நாள் அந்திரட்டி முடியும் முன்பே பேச்சுத் தொடங்கிவிட்டது. தெற்கு வாசல் வீடு வேண்டாம் என்று சொல்லியும் இவள்தான் பிடிவாதமாக எடுத்தாளாம். நேர்த்தி வைத்துவிட்டு முடிக்காமல் விட்டாளாம். எனக்கு அப்போது பதினைந்து வயது. தேநீர்த் தட்டோடு நடந்தபோது என் காதாலேயே கேட்டேன். அம்மா மூலையில் இருந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினா. அதன் பிறகு இத்தனை வருடமாக ஒரு வெள்ளிக்கிழமைகூட அம்மா விரதத்தை விட்டதில்லை.

"நீங்கள் ஒரு பிழையும் செய்யேல்லை," என்றேன். "அண்டைக்கு நான் அதைச் சொல்லேல்லை, சின்னப் பிள்ளை. இப்ப சொல்லுறன். நீங்களும் செய்யேல்லை, நானும் செய்யேல்லை. நான் பால் ஊத்தினா, நான்தான் சாக்காட்டினது எண்டு ஒத்துக்கொண்ட மாதிரி. நான் வரமாட்டன்."

அம்மா வெகுநேரம் மேசை விரிப்பின் நூலை இழுத்துக்கொண்டிருந்தா. நான் அளவுக்கு மீறிவிட்டேனோ என்று பயந்தேன். ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை. பிறகு அம்மா பையிலிருந்து தொலைபேசியை எடுத்து, கண்ணாடியைப் போட்டு, ஒரு இலக்கத்தைத் தேடி அழுத்தினா.

"அக்கா, நான்தான். சனிக்கிழமை நாங்கள் வரேல்லை... ஓம், ஐயரிட்டையும் சொல்லிவிடுங்கோ... இல்லை அக்கா, ஒருத்தருக்கும் சுகயீனமில்லை. பிள்ளை ஒரு பிழையும் செய்யேல்லை. பிறகேன் சாந்தி?" மறுபக்கம் நீளமாக ஏதோ கேட்டது. அம்மா நிமிர்ந்து இருந்தா. "சனம் கதைக்கட்டும் அக்கா. அவை கதைக்காத நாள் ஏது? வைக்கிறன்."

நான் தேநீர் போட எழுந்தேன். அம்மா பின்னால் இருந்து, "அது எப்பிடி இருந்தது? படம் ஏதும் வைச்சிருக்கிறியோ?" என்று கேட்டா.

அது தண்ணீர் குடிக்கும் காணொளி ஒன்றைக் காட்டினேன். தொலைபேசித் திரையில் தலை அசைந்ததும் அம்மா இரண்டு காலையும் கதிரைக்கு மேலே தூக்கிக்கொண்டா. ஆனாலும் பார்வையை எடுக்கவில்லை.

"வடிவான நிறம்தான்," என்றா. பிறகு, "காணும், நிப்பாட்டு."

நிறுத்தினேன்.

"இன்னொண்டு வளக்கப் போறியோ?"

"தெரியாது அம்மா. வளத்தாலும் வளப்பன்."

அம்மா காலைக் கீழே இறக்கி, தேநீரை ஊதிக் குடித்தா. "வளத்தா, நான் வாற நேரம் அந்த அறைக் கதவைப் பூட்டி வை," என்றா.