நடுவில் நின்றவன் என் மகன்

எனக்கு வயது எழுபத்திரண்டு. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். புருஷன் சீக்கிரமே போய்விட்டார். அதற்காக யார் முன்னாலும் தலை குனிந்து நின்றதில்லை. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றதால் இதை மெதுவாகத்தான் எழுதுகிறேன். கர்த்தருக்குள் பிரியமானவர்களே, நீங்களும் மெதுவாகவே கேளுங்கள்.

கடைசிப் பிள்ளை சாமுவேல். மற்ற நால்வரும் கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறார்கள். இவன் இன்ஜினியர். பூனாவில் வேலை பார்த்தபோது ராஞ்சிப் பக்கத்துப் பெண் சுஷ்மாவைக் கட்டினான். அவளும் நம் ஆண்டவரைத் தொழுகிறவள்தான். ஆனால் அவளுக்குத் தமிழ் வராது, எனக்குத் தமிழை விட்டால் வேறு வராது.

மறைமலை நகரில் ஒரு கம்பெனிக்கு மாற்றலாகி, தாம்பரத்தில் ஃபிளாட் எடுத்தார்கள். நான் ஊரப்பாக்கத்தில் என் வீட்டில் இருந்தேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அங்கே போவேன். நான் சொல்வதை அவளுக்கும், அவள் சொல்வதை எனக்கும் சாமுவேல்தான் சொல்லுவான்.

அவள் முழுகாமல் இருந்தபோது ஆட்டுக்கால் சூப் வைத்துத் தூக்குச் சட்டியில் அவனிடம் கொடுத்தனுப்பினேன். "வாசனையே புடிக்கலியாம்மா. சிங்க்ல கொட்டிட்டா" என்றான். குழந்தை பிறந்தது. கையை நீட்டினேன். "உனக்கு இருமல் கீதுன்னு பயப்படுறா. தூக்க வேணாமாம்" என்றான். நான் இருமி எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

வீட்டுக்கு வந்து அழுதேன்.  என் பேத்தியை நான் தொடக் கூடாதா? முழங்காலில் நின்று, "ஆண்டவரே, அந்தப் பெண்ணின் மனதை மாற்றும்" என்று மாதக்கணக்காக ஜெபித்தேன். ஒன்றும் மாறவில்லை. ஆண்டவரிடமே கோபப்பட்டேன்.

லெந்து உபவாச நாட்கள் தொடங்கிய அன்று காலை ஜெபத்தில் எனக்குள் ஒரு கேள்வி வந்தது. நீ அவளிடம் ஒரு தரமாவது பேசியிருக்கிறாயா?

அது என் புத்தியில் வந்ததல்ல. ஆண்டவர் கேட்டார்.

ஹிந்தி படிப்பது என்று அன்றே முடிவெடுத்தேன். மூத்த மகள் ஊரிலிருந்து வந்தபோது போனில் ஹிந்திப் பாடம் வரும்படி வைத்துக் கொடுத்தாள். தினமும் ஜெபம் முடித்ததும் அதைக் கேட்டு, கூடவே சொல்லுவேன். என் வீடு ரயில் நிலையத்தை ஒட்டியது. ஒலிபெருக்கியில் தமிழில் சொன்னதையே ஹிந்தியிலும் சொல்வார்கள். இது வண்டி, இது வருகிறது, இது போகிறது என்று அரிசி களைந்தபடியே பிடித்துக்கொள்வேன். காலையில் படித்தது மாலையில் மறந்துவிடும். மறுநாள் மறுபடி அதையே படிப்பேன்.

பக்கத்து வீட்டு மேரி ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டாள்.

"இன்னா பெரிம்மா, டில்லிக்கு எம்.பி.யா போகப் போறியா?"

"ஆமாண்டி. போனதும் மொதல்ல உன் வாயப் பத்திதான் பேசுவேன்."

சாமுவேலிடம் மட்டும் சொல்லவில்லை. மருமகள் முன்னால் தப்பாகப் பேசி அவள் சிரித்துவிட்டால் என்னால் தாங்க முடியாது. நன்றாக வந்த பிறகே வாயைத் திறப்பது என்று இருந்தேன்.

மாதங்கள் போயின. அறுப்பின் பண்டிகை ஞாயிறு. ஆராதனை முடிந்து அவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். சுஷ்மா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். சாமுவேலைப் பார்த்து ஹிந்தியில் பேசினாள். எனக்குப் புரிந்தது. அம்மாவை இங்கேயே இருக்கச் சொல்லுங்கள், எத்தனை தரம் கேட்டுவிட்டேன், குழந்தையோடு தனியாக முடியவில்லை என்று சொன்னாள்.

என் மகன் என் பக்கம் திரும்பினான். "அவளுக்குத் தலவலியாம்மா. நீ கெளம்பினா படுத்துப்பேன்னு சொல்றா."

பிரியமானவர்களே, முகம் கொஞ்சமும் மாறாமல் சொன்னான். நான் பால் கொடுத்து வளர்த்த வாய் அது.

நான் அவனைப் பார்க்கவில்லை. சுஷ்மாவைப் பார்த்து, "பேட்டி, மைன் நஹீன் ஜாவூங்கி" என்றேன். மகளே, நான் போக மாட்டேன் என்று அர்த்தம்.

 அவள் என் காலடியில் உட்கார்ந்து அழுதபடி கொட்டித் தீர்த்தாள். பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியே போதும். வடக்கத்திப் பெண்ணை எனக்குப் பிடிக்கவில்லை, அவள் பெற்ற பிள்ளையைத் தொடவும் எனக்கு மனமில்லை என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறான். நான் அனுப்பிய சூப் அவள் கண்ணில்கூடப் படவில்லை.

"ஏண்டா?" என்று கேட்டேன்.

"நீங்க ரெண்டு பேரும் சேர்ந்தா நீ இங்கியே வந்துடுவம்மா. ஆபீஸ் ஆளுங்க வருவாங்க, போவாங்க. நீ அவங்ககிட்ட எப்டி பேசுவியோன்னு..." 

என் படிப்பில்லாமை அவனுக்கு வெட்கம். அவனைப் படிக்க வைத்தவள் நான். 

சுஷ்மா குழந்தை அனுவை என் மடியில் வைத்தாள்.

நான் அவன் வீட்டில் போய்த் தங்கவில்லை. என்னைக் கண்டு வெட்கப்பட்ட வீட்டில் எனக்கு என்ன வேலை? சுஷ்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு மின்சார ரயிலேறி ஊரப்பாக்கம் வர ஆரம்பித்தாள். அவளுக்கு நான் தமிழ் சொல்ல, எனக்கு அவள் ஹிந்தி சொல்ல, அனு பள்ளிக்கூடம் போகிற இந்நாளில் இரண்டையும் கலந்து சண்டைகூடப் போடுகிறோம். ஸ்தோத்திரம்.

அவளை மாற்றும் என்று கேட்டேன். ஆண்டவர் என் காதைத் திறந்தார். சாமுவேலை மன்னித்துவிட்டாயா என்று பாஸ்டரம்மா கேட்டார்கள். பாதி மன்னித்திருக்கிறேன். மீதிக்கு ஜெபிக்கிறேன். ஜெபத்துக்குப் பதில் வரவில்லை என்று அழுகிறவர்கள் விட்டுவிடாதீர்கள். வருகிற பதில் நோகும். ஆனாலும் வரும்.

நான் சொல்லச் சொல்ல எழுத ஆள் இருந்தது. நடுவில் ஒருவரை நிறுத்திப் பட்டது போதும் என்று நானே எழுதினேன். சபையில் வாசிக்குமுன் என் பேத்தி இதை வீட்டில் ஒரு தரம் படிக்கட்டும்.

அனு, இங்கே வாடி கண்ணு. உங்கம்மாவையும் கூப்பிடு. உங்கப்பனும் எழுந்து போகாமல் உட்காரட்டும். எங்கே, சத்தமாகப் படி. எழுதியிருக்கிறபடியே படிக்கணும்.