லிஃப்ட்காரர் இழுத்த தொட்டி

ஏரிக்கரை முகாமில் லிஃப்ட்காரரைப் பிடிக்காதவர்கள் கிடையாது. முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரிகளிலும் அடுக்குமாடிகளிலும் லிஃப்ட் பழுது பார்த்தவர். பாதி மாடியில் சிக்கிக்கொண்டு அழுகிறவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று கதை பேசிப் பேசியே சிரிக்க வைத்துவிடுவார் என்று பெயர் வாங்கினவர். வாய் அப்படி. அந்த வாயால்தான் கெட்டார் என்று சொன்னால் இன்றைக்கு அவரே மறுக்கமாட்டார்.

அவரும் மனைவியும் பழைய கேரவன் ஒன்றை வாங்கி, வருஷத்துக்கு இரண்டு வாரம் அந்த ஏரிக்கு வருவார்கள். பதினொரு வருஷமாக அதே ஏரி, அதே மூன்றாம் எண் இடம். வண்டிக்குள் இரண்டு கட்டில், ஓர் அடுப்பு, பாத்திரம் கழுவ ஒரு தொட்டி, பீரோ அகலத்துக்கு ஒரு குளியலறை, அவ்வளவுதான். கழிப்பறை கிடையாது, அதற்கு முகாமில் தனியாகக் கட்டிடம் இருந்தது. பாத்திரம் கழுவின தண்ணீரும் குளித்த தண்ணீரும் வண்டிக்கு அடியில் இருக்கிற தொட்டியில் போய் நிற்கும். எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்ட, அடுப்புக்கு மேலே வரிசையாக மூன்று சின்ன விளக்குகள். மூன்றாவது எரிந்தால் தொட்டி நிறைந்துவிட்டது என்று அர்த்தம். குழாய் மாட்டி அந்த அழுக்குத் தண்ணீரைச் சக்கரம் வைத்த கைத்தொட்டியில் பிடித்து, முகாமின் வடிகால் மேடைவரை இழுத்துக்கொண்டு போய்க் கொட்ட வேண்டும். நிறைந்த கைத்தொட்டி நாற்பது லிட்டர். விளையாட்டா என்ன?

முதல் வருஷம் வந்து இறங்கியபோதே, முகாமைப் பார்த்துக்கொள்கிற அம்மாள் வடிகால் இருக்கிற திசையைக் கைகாட்டிச் சொன்னாள். லிஃப்ட்காரர் பக்கத்து வண்டிக்காரரோடு பேச்சு சுவாரஸ்யத்தில் இருந்தார். தலையை மட்டும் ஆட்டினார். அன்று மாலை மழை. இடுப்பும் நிஜமாகவே வலித்தது. கைத்தொட்டியை இழுத்துக்கொண்டு இடது பக்கமாக நடந்தவர், பழைய படகுக் கொட்டகைக்குப் பின்னால் ஒதுங்கினார். கீழே நாணல், அதற்கும் கீழே ஏரி. வெறும் சோப்புத் தண்ணீர்தானே, மழையோடு மழையாகப் போகட்டும் என்று மூடியைத் திறந்துவிட்டார். உடனே திரும்பினால் சந்தேகம் வரும் என்று ஒரு சிகரெட் பற்ற வைத்தார். அதை விட்டுவிட்டதாக வேறு மனைவியிடம் சொல்லியிருந்தார். ஆக, ஒரு மழைக்குள் இரண்டு பொய்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. திரும்பி வந்தவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, அப்பப்பா என்ன ஏற்றம், என்ன கனம் என்று ஒரு பாட்டுப் பாடினார். மனைவி பதறிப்போய் அவரைக் குப்புறப் படுக்க வைத்து இடுப்புக்குத் தைலம் தேய்த்தாள். சொகுசாக இருந்தது. மறுமுறையும் பாடினார். பத்து வருஷம் பாடினார்.

அவர் மனைவி ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்த்தவள். சோப்புத் தண்ணீர் போகிற சாக்கடை ஓரத்தில் புல் எப்படிக் கருகும், தேங்கிய இடத்தில் எப்படி நாறும் என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தன் வீட்டுத் தண்ணீர் ஏரிக்குப் போகக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தாள். அதைவிட, புருஷன் இடுப்பு ஒடியக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தாள். எண்ணெய்த் தட்டுகளைக் காகிதத்தால் துடைத்துவிட்டுத்தான் கழுவுவாள். அரிசி களைந்த தண்ணீரில் கரண்டிகளை அலசுவாள். மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தலைக்குக் குளிப்பாள். மற்ற வண்டிகளில் மூன்று நாளில் எரிகிற மூன்றாவது விளக்கு இவர்கள் வண்டியில் எரிய ஆறு நாள் ஆகும். பக்கத்து வண்டிப் பெண்களிடம், “எங்க வீட்டுக்காரர் ஒரு சொட்டு கீழ விடமாட்டார்” என்று பெருமையடித்துக்கொள்வாள். லிஃப்ட்காரர் கொஞ்சம் தள்ளி நின்று அடக்கமாகச் சிரிப்பார். அடக்கம்! கேட்டால் நமக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

பத்தாவது வருஷம் அவளுக்கு நோய் வந்தது. மருந்து ஏற்றிக்கொண்டே ஒருமுறை வந்து போனார்கள். பதினோராவது வருஷம் டாக்டர் மருந்தை நிறுத்திவிட்டு, அவங்க எங்கே ஆசைப்படறாங்களோ கூட்டிட்டுப் போங்க என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவள் ஏரி என்றாள். கரையில் நாற்காலி போட்டு, காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான் வேண்டும் என்றாள். நாற்பது வருஷத்தில் அவரிடம் அவள் வாய்விட்டுக் கேட்டது மிகவும் கொஞ்சம். இதையாவது செய்துகொடுக்க வேண்டும் என்று துடித்தார்.

வந்து பார்த்தால் கரை நெடுகக் கயிறு கட்டியிருந்தது. தண்ணீரில் இறங்காதீர்கள் என்று பலகை. ஏரி பச்சைப் பெயின்ட் கொட்டினது போல் பாசி பிடித்துக் கிடந்தது. கரையோரம் ஈ மொய்த்தது. முகாம் அம்மாள் வந்து, அந்தப் பாசித் தண்ணீர் தோலில் பட்டாலே அரிப்பும் கொப்புளமும் வருகிறது என்றாள். வருகிறவர்கள் கழுவின தண்ணீரைக் கண்ட இடத்தில் கொட்டுகிறார்கள், சோப்பும் எச்சில் எண்ணெயும்தான் பாசிக்குத் தீனி, நாணல் பக்கம்தான் ரொம்ப மோசம் என்று சொல்லிக்கொண்டே போனாள். லிஃப்ட்காரர் படகுக் கொட்டகைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

மனைவி கயிற்றைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் தண்ணீரையே பார்த்தாள். பிறகு முகாம் அம்மாளிடம், “எங்க வீட்டுக்காரர் மாதிரி எல்லாரும் கொஞ்சம் சிரமப்பட்டிருந்தா இது இப்படி ஆகியிருக்குமா?” என்றாள்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவருக்கு. அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் கண்ணில் அவர் நல்லவராக இருப்பதற்கு இனி மிச்சமிருப்பது எண்ணி எடுக்கிற நாள்கள்தான். அந்தச் சில நாளாவது அப்படியே இருந்துவிட்டுப் போகட்டுமே என்று ஆசைப்பட்டார். ஆசைதான், வேறென்ன.

ஏரியில்தான் கால் நனைக்க முடியவில்லை, வண்டிக்குள்ளாவது ஆசைதீரக் குளி என்றார் மறுநாள். அவள் தலையைத் தடவிக்கொண்டு, “முடியே இல்லாத தலைக்கு எதுக்குங்க அவ்வளவு தண்ணி? நிறைஞ்சா நீங்கதானே இழுக்கணும்” என்று சிரித்தாள். அவர் கேட்கவில்லை. வெந்நீர் போட்டார். முக்காலியை உள்ளே வைத்து அவளை உட்கார வைத்து, தண்ணீரைத் திறந்துவிட்டார். முதலில் போதும் போதும் என்றவள், பிறகு பேசாமல் முகத்தை நிமிர்த்திக் கண்ணை மூடிக்கொண்டாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று விளக்கும் எரிந்தது.

இந்த ஒரு தொட்டியையாவது ஒழுங்காகக் கொண்டுபோய்க் கொட்டிவிட வேண்டும் என்று லிஃப்ட்காரர் முடிவுகட்டினார். பிடித்து நிரப்பி, மூடியைத் திருகி, பாதைக்கு இழுத்து வந்தார். அங்கே வந்து நின்றுவிட்டார். எந்தப் பக்கம் போவது என்று அவருக்குத் தெரியவில்லை. பதினொரு வருஷமாக வருகிற மனுஷனுக்கு வடிகால் மேடை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை! முகாம் அம்மாள் அந்த வழியாக வந்தாள். அவர் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். அவளுக்குத் தாழ்த்திப் பேசி வழக்கமில்லை.

“என்னண்ணே, இத்தனை வருஷமா வர்றீங்க, வடிகால் எங்கன்னு கேக்கறீங்க? வலது பக்கம் ஏறுங்க, ஆபீசைத் தாண்டி மேல. அந்தப் படகுக் கொட்டகைப் பக்கம் ஒண்ணுமே கிடையாதே.”

சொல்லிக்கொண்டே வந்தவள் கொட்டகையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், நடையைக் கட்டினாள். லிஃப்ட்காரர் திரும்பினார். கேரவன் ஜன்னல் திறந்திருந்தது. தலையில் துண்டோடு மனைவி அங்கே நின்றிருந்தாள். பத்து வருஷமும் அவர் இடது பக்கமாக இழுத்துக்கொண்டு கிளம்பினதைப் பார்த்தவள் அவள்.

அவர் வலது பக்கம் ஏறினார். நிஜமாகவே ஏற்றம்தான். நிஜமாகவே இடுப்பு வலித்தது. கொட்டிவிட்டுத் திரும்பி வந்தபோது அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“வழி தெரிஞ்சுதா?” என்றாள்.

அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மழை, கொட்டகை, சிகரெட், இடுப்புப் பாட்டு, ஒன்று விடாமல். உலகத்தையே பேசிக் கவிழ்க்கிறவருக்கு அன்றைக்கு வார்த்தை திக்கித் திக்கி வந்தது. ஏரியைப் பற்றித் திட்டுவாள் என்று காத்திருந்தார்.

“போன வருஷம் மருந்து ஏத்திட்டு இங்க வந்தோமே, ஞாபகம் இருக்கா? உடம்பெல்லாம் தீயா எரிஞ்சுது. ஒரு வாளி தண்ணி மேல ஊத்திக்க மாட்டோமான்னு இருந்துச்சு. உங்க இடுப்ப நினைச்சு, ஈரத் துணியால துடைச்சுக்கிட்டுப் படுத்துட்டேன்.” தலையில் இருந்த துண்டை அவிழ்த்து மடித்தாள். “பதினாலு நாளும்.”

அப்புறம் அழுதாள். அவர் தோளைத் தொடப் போனார். அவள் நகர்ந்து உட்கார்ந்தாள்.

மீதி இருந்த நாள்களில் அவள் தினமும் குளித்தாள். அதைப் பற்றி மறுபடி ஒரு வார்த்தை பேசவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று வழக்கம்போலத்தான் கேட்டாள். தைலத்தை மட்டும் எடுக்கவில்லை. அவர் தொட்டியை இழுத்துக்கொண்டு கிளம்பும்போதெல்லாம் நாற்காலியை ஜன்னலுக்கு நகர்த்திப் போட்டு, மேடைக்கு அவர் போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். முன்பெல்லாம் அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. நம்பிக்கை இருந்தவளுக்கு எதற்குப் பார்க்க வேண்டும்? சரிபார்க்கத்தான் பார்க்கிறாளா, இல்லை இன்னும் கொஞ்ச நாள்தானே பார்க்கப் போகிறோம் என்று பார்க்கிறாளா என்று அவருக்குப் புரியவில்லை. கேட்டிருக்கலாம். கேட்கத் தைரியம் வரவில்லை. வீடு திரும்பி நாற்பது நாளில் அவள் போய்விட்டாள்.

இப்போதும் அவர் அதே மூன்றாம் எண் இடத்துக்கு வருகிறார், தனியாக. ஒற்றை ஆளுக்கு முதல் விளக்கு எரியவே நாலைந்து நாள் ஆகும். ஆனால் விளக்குக்காக அவர் காத்திருப்பதில்லை. அடியில் கிடக்கிற கொஞ்சத் தண்ணீரைத் தினமும் பிடித்து, வலது பக்கமாக இழுத்துக்கொண்டு ஏறுகிறார். இந்த ஒரு சொம்புத் தண்ணிக்கா இவ்வளவு பாடு என்று புதிதாக வந்தவர்கள் கேலி செய்கிறார்கள். பழைய ஆட்கள், அவர் அப்படித்தான், விட்டுவிடுங்கள் என்கிறார்கள்.

மேடைக்குப் போனதும் அவர் உடனே கொட்டுவதில்லை. மூடியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கேரவன் ஜன்னலைப் பார்த்துத் திரும்பி, நன்றாகத் தெரிகிற மாதிரி உயர்த்திக் காட்டுகிறார். பிறகுதான் கொட்டுகிறார்.