சந்தனப் பொட்டு வைத்த துவக்கு

மெல்பேர்னில் இடியன் துவக்கைத் தூக்கி, முதல் வெடியிலேயே நடுப்புள்ளியைத் துளைத்த ஒரே தமிழன் நான்தான். பொய். துளைத்தது உண்மை, புள்ளி பக்கத்து ஆளுடையது. அதைச் சொல்லாமல் விட்டிருப்பேன். ஆனால் எனக்கு எழுதும்போது வாய்விட்டுச் சொல்லி எழுதுகிற பழக்கம், மனைவி பக்கத்துக் குசினிக்குள் சமைத்துக்கொண்டு நிற்கிறாள்.

இடியன் துவக்கென்றால் வாயால் சாப்பிடுகிற துவக்கு. குழல் வாய்க்குள் கறுப்பு வெடிமருந்தைக் கொட்டி, எண்ணெய்த் துணியில் ஈயக்குண்டை வைத்து, நீளக் கம்பியால் இடித்து இறக்க வேண்டும். பின்பக்கத்தில் நெருப்பு உள்ளே போக ஒரு சின்னத் துளை. அதன் மேல் ஒரு செப்புத் தொப்பி. சுத்தியல் தொப்பியில் அடித்தால் வெடிக்கும். ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவில் ஆறுதலாக ஒரு தேத்தண்ணி குடிக்கலாம். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற எனக்கு வேறு எந்த விளையாட்டிலும் இந்த வசதி கிடைக்கவில்லை.

லைசன்ஸ் எடுத்தாயிற்று. துவக்கை இரும்புப் பெட்டிக்குள் பூட்டி, பெட்டியைச் சுவரோடு திருகாணியால் முடுக்க வேண்டும் என்பது இங்கத்தைய சட்டம். கராஜில் அதற்குத் தோதான மூலை ஒன்றுதான் இருந்தது. அங்கே மனைவியின் ஃப்ரீசர் நின்றது. ஃப்ரீசர் ஹோலுக்கு, விருந்தாளிகள் இருக்கிற இடத்துக்கு, வந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதன் மேல் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தார்கள். ஒருவர் அதைக் கதிரை என்று நினைத்து ஏறி உட்கார்ந்தும் இருந்தார்.

அன்றைக்கு மனைவி தீர்ப்புச் சொன்னாள். "ஞாயிற்றுக்கிழமை நானும் வாறன். குறி வைக்கிற அட்டையில ஒரு ஓட்டை விழவேணும். ஒண்டு போதும். விழுந்தால் உங்கட பெட்டி கராஜில நிக்கட்டும். விழாட்டி துவக்கை வித்துப்போட்டு, என்ர ஃப்ரீசரை அங்க கொண்டுபோய் வையுங்கோ."

ஞாயிறு காலை நோபல் பார்க்கில் அன்ரியையும் ஏற்றப் போனோம். மனைவியின் சித்தி அவர், ஊருக்கெல்லாம் அன்ரி. காருக்குள் ஏற முதலே கேட்டார்.

"தம்பி, புதுச் சாமான். பொட்டு வைச்சனீரோ?"

"இல்லை அன்ரி. காரெண்டால் சில்லுக்குக் கீழ தேசிக்காய் வைக்கலாம். இதுக்குச் சில்லில்லையே."

"நெத்தி இருக்கும்தானே. இந்தாரும் சந்தனம். அங்க போய் நெத்தியைப் பாத்து வையும்."

சுடுகிற இடத்தில் துவக்கை வெளியே எடுத்து நெற்றியைத் தேடினேன். குழல்வாய் வாய் என்றால், பின்னால் மேலே பார்த்துக்கொண்டு நிற்கிற அந்தத் துளைதான் நெற்றி. குளிரக் குளிர நல்ல பெரிய பொட்டாக வைத்தேன். பெருவிரலால் ஒருக்கால் அழுத்தியும் விட்டேன், விழாமல் இருக்க.

பிறகு மருந்து, துணி, குண்டு, இடி. தொப்பியைப் போட்டேன். முதலில் வெறும் தொப்பியொன்றை வெடிக்க வைத்துத் துளையைச் சுத்தமாக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லித்தந்தார்கள். வகுப்புகளோடு எனக்குச் சின்ன வயதிலிருந்தே சரிவராது.

டிக். தொப்பி மட்டும் வெடித்தது. இன்னொரு தொப்பி. டிக்.

பின்னாலிருந்து மனைவி கேட்டாள். "ஹோலில இருந்து ஃப்ரீசரை ஆர் தூக்கிறது? நீங்கள் தனியவோ, ஆளைப் பிடிக்கவோ?"

பொறுப்பாளர் வந்தார், தாடி வைத்த வெள்ளைக்காரர். குழலை முன்பக்கம் பார்த்தபடியே வைத்திருக்கச் சொல்லிவிட்டு, ஆறுதலாகத் துளையைக் குனிந்து பார்த்தார். பிறகு மணந்து பார்த்தார். இன்னொருக்காலும் மணந்தார்.

"என்ன இது?" என்று இங்கிலீசில் கேட்டார்.

"ரிலிஜஸ்," என்றேன்.

குத்தி எடுக்க அவரிடம் ஊசி அகப்படவில்லை. அன்ரி தன் சேலைப் பின்னைக் கழற்றி நீட்டினார். சந்தனம் கட்டியாக வந்தது. அடுத்த முறை கடவுளை மரக்கட்டையில் பூசு, இரும்பில் வேண்டாம் என்று தாடிக்காரர் சொல்லிவிட்டுப் போனார்.

"துவக்குக்கு நெத்தி இருக்கு," என்றாள் மனைவி. "உங்களுக்குத்தான் அதுக்குப் பின்னால ஒண்டும் இல்லை."

புதுத் தொப்பி போட்டேன். கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்பது ஞாபகம் வருவதற்குள் வெடித்துவிட்டது. திருவிழாப் புகை. என் கையே எனக்குத் தெரியவில்லை. அன்ரி புகைக்குள் கைகூப்பியதாக மனைவி பிறகு சொன்னாள்.

எல்லோரும் சுட்டு முடித்தபின் அட்டைகளைப் பார்க்கப் போனோம். என்னுடையது கடையில் வாங்கியது போலவே இருந்தது. பக்கத்து ஆளின் அட்டையில், நட்ட நடுவில், அவர் சுடாத ஓட்டை ஒன்று. மனிதர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இது உங்கட அட்டையோ?" என்றாள் மனைவி.

"அட்டையில ஓட்டை எண்டுதானே நீர் சொன்னனீர். ஆரின்ர அட்டை எண்டு சொல்லேல்லையே."

இரண்டு பேரும் அன்ரியைப் பார்த்தோம். அவர் பின்னைத் திரும்பச் சேலையில் குத்தினார், தொண்டையைச் செருமினார், "பிள்ளையள், ஞாயமாப் பாத்தால்" என்று தொடங்கி…

குசினிக்குள்ளிருந்து மனைவி கூப்பிடுகிறாள். "இஞ்சாருங்கோ, அங்க என்ன முணுமுணுப்பு? கராஜுக்குப் போய் ஃப்ரீசருக்குள்ள கிடக்கிற நண்டை எடுத்துக்கொண்டு வாங்கோ."

"வாறன்."