கறுப்பு ஓரம், மஞ்சள் மூலை

என் மேசை இழுப்பறையில் ஒரு சின்ன இங்க் பேட் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் சதுரப் பெட்டி. மூடியில் அச்சடித்திருந்த நிறத்தின் பெயர் தேய்ந்து போய்விட்டது. ரப்பர் முத்திரைக்கு மை ஒற்றுவதற்காக விற்கப்படும் பொருள்தான், ஆனால் எங்கள் வீட்டில் அது பெரும்பாலும் கார்டுகளின் ஓரங்களையே தொட்டது. அந்த மை என்ன நிறம் என்பதில் எனக்கும் என் சம்பந்தி அம்மாவுக்கும் கடைசிவரை கருத்து வேறுபாடு இருந்தது. அவர் காப்பி நிறம் என்று சொன்னார். நான் கறுப்பு என்று நினைத்தேன். நினைத்தேனே தவிர, அழுத்திச் சொல்லவில்லை. பெண் கொடுத்தவரிடம் அப்படி நேருக்கு நேர் சொல்லிவிட முடியுமா?

சம்பந்தி அம்மா என் மருமகளின் தாயார். குளுவாங்கில் ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமான பிறகு, பேத்தியைப் பார்த்துக்கொள்வதற்காகத் தெப்ராவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார். மகனுக்கும் மருமகளுக்கும் சிங்கப்பூரில் வேலை. விடியுமுன் எல்லைப் பாலத்தைத் தாண்டினால் இருட்டிய பிறகுதான் திரும்புவார்கள். என் மனைவி அதற்கு முன்பே போய்விட்டாள். ஆகவே பகல் முழுவதும் அந்த வீட்டில் ஒரு கைக்குழந்தையும் இரண்டு சம்பந்திகளும். நான் செனாயில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன். எண்ணாமல் எதையும் உள்ளே விட்டதில்லை, எண்ணாமல் எதையும் வெளியே அனுப்பியதுமில்லை. ஓய்வு பெற்றபின் வீட்டில் எண்ணுவதற்கு என்ன இருக்கிறது? துணிக்கொடியில் உள்ள கவ்விகளை எண்ணுவேன். ஒன்று குறைந்தால் அது கிடைக்கும்வரை சோறு இறங்காது.

சம்பந்தி அம்மாவுக்கும் சோறு இறங்கவில்லை, ஆனால் அதற்குக் காரணம் வேறு. மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிடுவது அவருக்குப் பெரிய கூச்சமாக இருந்தது. நாங்கள் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, குழந்தையின் சின்னத் தட்டில் கொஞ்சம் போட்டுக்கொண்டு, அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுவார். வந்து உட்காருங்கள் என்று மகன் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தான். “இருக்கட்டும் தம்பி, எனக்கு நின்னு சாப்பிட்டாதான் செரிக்கும்” என்பார். மருத்துவத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும்.

ஒருநாள் குழந்தைக்குத் தடுப்பூசி போட கிளினிக்குக்குப் போனவர், கையில் ஒரு தடித்த கேட்டலாக்குடன் திரும்பினார். அங்கே காத்திருந்த ஒரு சீன அம்மாள், வீட்டிலிருந்தே தாள் கைவினைப் பொருள்கள் விற்கும் தொழிலில் இவரைச் சேர்த்துவிட்டிருந்தார். அடுத்த வாரம் எங்கள் வாசலில் பெட்டிகள் இறங்கின. பூப்போட்ட தாள்கள், தடித்த அட்டைகள், ரப்பர் முத்திரைகள், பூ வடிவிலும் பட்டாம்பூச்சி வடிவிலும் தாளை வெட்டும் பஞ்சு என்ற கைக்கருவிகள், ரிப்பன்கள், இந்த இங்க் பேட். வீட்டுக்கு வீடு பெண்களைக் கூட்டி, கார்டு செய்து காட்டி, அவர்களை இதையெல்லாம் வாங்க வைக்க வேண்டும். தீபாவளிக்குள் தொழில் காலூன்றி நிற்க வேண்டும் என்று தனக்குத்தானே கெடு வைத்துக்கொண்டார். இல்லாவிட்டால் சிகாமட்டில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விடுவதாக முடிவு. அந்தத் தம்பியின் மனைவி, இவரைப் பார்த்தால் வாசல் கதவைத் திறப்பதற்குமுன் தன் முகத்தை மூடிக்கொள்பவர்.

“என் சோத்துக்கு நானே சம்பாதிச்சா இங்க இருக்கேன். இல்லாட்டி எதுக்குச் சம்பந்தி உங்களுக்கும் பாரம்?” என்று என்னிடம் சொன்னார். பாரமெல்லாம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் என்னிடம் ஒரு பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார். நிஜமாகவே பாரமாக இருந்தது.

பின்னறை ஸ்டோர் ஆனது. எனக்குப் பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது. தாள்களை நிறவாரியாக அடுக்கினேன், பெட்டிகளுக்கு எண் போட்டேன், வெட்டிய பூக்களைப் பழைய மைலோ டின்னில் எண்ணிப் போட்டேன். ஒரு மாலை பூ ஒன்று குறைந்தது. நாற்காலிகளை நகர்த்தித் தேடினேன். சம்பந்தி அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பஞ்சை எடுத்து ‘டக்’கென்று அழுத்தி ஒரு பூவை என் கையில் வைத்தார். “இந்தாங்க. இப்ப சரியா?” சரியில்லை. அது வேறு பூ. ஆனால் சம்பந்தி கொடுத்ததை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

முதல் கூட்டம் எங்கள் வீட்டு ஹாலிலேயே நடந்தது. எங்கள் குடியிருப்பான தாமானில் உள்ள பெண்கள் பலரும் வந்தார்கள். சம்பந்தி அம்மா பள்ளி அலுவலகக் குரலில் விளக்கினார். அமிலம் சேராத தாள், காலத்துக்கும் மஞ்சளாகாது, மசி பரவாது. பெண்கள் வாயில் வடையோடு தலையாட்டினார்கள். ஒருத்தி கேட்டாள்: “அக்கா, இப்ப எல்லாம் வாட்ஸப்லதானே அனுப்புறோம். கார்ட வாங்கி எங்க வைக்கிறது?” இன்னொருத்தி பஞ்சை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல முறுக்கு பிழியலாமா?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். வடை தீர்ந்தது. தாள் ஒன்றும் குறையவில்லை. என் ஸ்டோர் வாழ்க்கையில் இருப்பு இவ்வளவு சரியாக இருந்து நான் வருத்தப்பட்டது அன்றுதான். சம்பந்தி அம்மா வெறும் வடைத் தட்டை வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தார்.

அந்த நிலையில்தான், எங்கள் வரிசையின் கோடி வீட்டிலிருந்து லாரி முதலாளியின் மனைவி வந்தார். அடுத்த வரிசையில் மாடி வீடு கட்டி முடித்திருந்தார்கள். புதுமனை புகுவிழாவுக்கு அறுபது அழைப்பிதழ்கள், எல்லாம் கையால் செய்தவையாக வேண்டும் என்றார். எல்லோரும் வாட்ஸப்பில் அனுப்பும் காலத்தில் தங்களுடையது தனித்துத் தெரிய வேண்டுமாம். இது நன்றாக வந்தால் தாமான் முழுக்கப் பேசும், பெண்கள் தாளும் பஞ்சும் வாங்க வருவார்கள் என்று சம்பந்தி அம்மா கணக்குப் போட்டார். தாமான் முழுக்கப் பேசியது உண்மை.

அவரைத் தொழிலில் சேர்த்துவிட்ட சீன அம்மாள் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண், கார்டின் நான்கு ஓரங்களையும் இங்க் பேடில் தேய்த்து, பழைய காலத்துக் கடிதம்போல் ஆக்கிக் காட்டினாள். சம்பந்தி அம்மாவும் அப்படியே தேய்த்தார். முதல் கார்டு காய்ந்ததும் என்னிடம் நீட்டினார். பாலாடை நிற அட்டை, சுற்றிலும் கறுப்புக் கரை. எங்கள் ஆட்களுக்கு ஓரம் கறுத்த காகிதம் வந்தால் அதற்கு ஒரே பொருள்தான்: கருமாதி. அதை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. வாசலில் நின்று படித்து, அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

“ஓரம் கொஞ்சம் கறுப்பா இருக்கிற மாதிரி…” என்று இழுத்தேன்.

“கறுப்பா? இது காப்பி சம்பந்தி. கேட்டலாக்குலேயே போட்டிருக்கு. உங்க கண்ணுல புரை இருக்குல்ல, அதான்.”

என் கண்ணில் புரை இருந்தது, அறுவைக்கு நாள் குறித்திருந்தார்கள். புரையை வைத்துக்கொண்டு நிறத்தைப் பற்றி என்ன வழக்காடுவது? வேறு வழியில் போனேன். அப்படியானால் மூலைகளில் மஞ்சளாவது தடவிவிடுவோம், சுபகாரியம் என்று தெரியும் என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. “அமிலம் சேராத தாள்ல போயி மஞ்சளா? கறை புடிச்சிடும்.” மகனிடம் தொலைபேசியில் முறையிட்டேன். “அப்பா, அது அவங்க பிசினஸ், விடுங்க லா. நீங்க எண்ணுறதோட நிறுத்திக்குங்க” என்றான். எண்ணினேன். அறுபதும் சரியாக இருந்தன. பாதிக்கு மேல் தபாலில் போயின.

சனிக்கிழமை காலை நான் வேலி ஓரம் கவ்விகளை எண்ணிக்கொண்டிருந்தபோது, கோடி வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. பாலோவிலிருந்து லாரி முதலாளியின் சித்தி இறங்கினார். எழுபது தாண்டியவர், வெள்ளைச் சேலை கட்டியிருந்தார். இறங்கும்போதே கூந்தலை அவிழ்த்துவிட்டு மார்பில் அடித்துக்கொண்டார்.

“ஐயோ என் ராசா… லாரி லாரியா சம்பாதிச்சு வச்சியே… மாடி வீடு கட்டி ஒருநாள் படுக்காமப் போயிட்டியே…”

லாரி முதலாளி சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பூச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். முந்தைய ஆண்டு நெஞ்சில் பைபாஸ் செய்துகொண்டவர். கையில் ரப்பர் குழாயோடு கேட்டருகே வந்தார்.

“சித்தி, நான் எங்கயும் போகல லா. இங்கதான் நிக்கிறேன்.”

ஒப்பாரி பாதியில் நின்றது. சித்தி அவரை மேலும் கீழும் பார்த்தார். “அப்ப யாருடா செத்தது?”

“யாரும் சாகல சித்தி.”

“கறுத்த கடுதாசி வந்துச்சே. உன் பேரு கொட்டை எழுத்துல இருந்துச்சே.”

“உள்ள படிக்கலயா?”

“கண்ணாடி வீட்டுக்குள்ள இருக்கு. கருமாதிக் கடுதாசிய வீட்டுக்குள்ள எப்படிடா கொண்டு போறது? பேரைப் பார்த்தேன், கிழிச்சேன், கார் புடிச்சேன்.”

அதற்குள் லாரி முதலாளியின் கைப்பேசி விடாமல் ஒலிக்கத் தொடங்கியிருந்தது. யோங் பெங்கிலிருந்து ஒருவர், பத்து பகாட்டிலிருந்து ஒருவர். மருமகனிடமிருந்து வந்த அழைப்பை அவரே எடுத்தார். அந்தப் பக்கம் கைப்பேசி கீழே விழுந்த சத்தம் எனக்கே கேட்டது.

நான் வீட்டுக்குள் வந்தபோது, சம்பந்தி அம்மா சன்னலருகே நின்றுகொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருந்தது. பின்னறைக்குப் போய்த் தாள்களைப் பெட்டியில் அடுக்கினார். பிறகு தன் அறைக்குப் போனார். பயணப் பையின் ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது. நான் ஹாலில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிகாமட்டுக்குப் பேருந்து எத்தனை மணிக்கு என்று அவர் என்னைக் கேட்பார், நேரமெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்த நான் அதைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று அஞ்சினேன். தெரியாது என்று சொல்வதற்குப் பழகிப் பார்த்துக்கொண்டேன். அந்த வீட்டில் என்னோடு வழக்காட ஒரு ஆள் இல்லாமல் போவதை நினைத்தபோது, கவ்வி தொலைந்ததைவிட மோசமாக இருந்தது.

அவர் பையோடு வெளியே வருவதற்கும், கேட்டில் லாரி முதலாளி குடும்பத்தோடு வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. சண்டைக்குத்தான் வருகிறார்கள் என்று எழுந்தேன். பாலோ சித்தி எல்லோரையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். கூந்தலை முடிந்திருந்தார்.

“யாரும்மா கார்டு செஞ்சது? நீயா? மஞ்ச வைக்காம எவளாச்சும் பத்திரிகை அனுப்புவாளா? மஞ்ச இருந்திருந்தா உள்ள கொண்டுபோயி கண்ணாடி போட்டுப் படிச்சிருப்பேன்ல.”

சம்பந்தி அம்மா தலை குனிந்தார். சித்தி நிறுத்தவில்லை. “ஆனா ஒண்ணு. உசுரோட இருக்கிறவனுக்கு அழுதா அவன் ஆயுசு கெட்டி. பாலோவுலேருந்து அழுதுகிட்டே வந்திருக்கேன். இவன் நூறு வயசு இருப்பான்.”

லாரி முதலாளி நெஞ்சைத் தடவிக்கொண்டு முகமெல்லாம் சிரித்தார். “டாக்டரே இப்படி உறுதியாச் சொல்லல அக்கா.” அவருடைய மனைவியின் முகம் மட்டும் தெளியவில்லை. கறுப்பு கறுப்புத்தானே என்று முணுமுணுத்தார். சித்தி என் இடுப்பிலிருந்த பேத்தியின் கன்னத்தைச் சுட்டிக்காட்டினார். அங்கே காலையில் வைத்த திருஷ்டிப் பொட்டு இருந்தது. “இது என்ன? பச்சப் புள்ளைக்குக் கறுப்பு வைக்கிறதில்லயா? புது வீட்டுக்குப் படுற கண்ணு கொஞ்சமா? இந்தம்மா முன்கூட்டியே வச்சிட்டா. மஞ்சத்தூள் எங்க இருக்கு?”

“அது காப்பி நிறம்ங்க” என்றார் சம்பந்தி அம்மா, பையைக் கீழே வைக்காமலே.

அன்று மாலைவரை எங்கள் உணவு மேசையில் சித்தி மஞ்சளைக் குழைத்துக் கொடுக்க, சம்பந்தி அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு அமிலம் சேராத தாளின் நான்கு மூலைகளிலும் பொட்டு வைத்தார். கிழிந்துபோனவற்றுக்குப் புதிதாகச் செய்தார்கள். நான் எண்ணிக் கொடுத்தேன். புதுமனை விழாவில் லாரி முதலாளி சாப்பாட்டைவிட அந்தக் கதையைத்தான் அதிகம் பரிமாறினார். ஆயுசைக் கூட்டும் கார்டு, கண் படாத கார்டு என்று தாமானில் பெயர் பரவியது. வளைகாப்புக்கு, காதுகுத்துக்கு, கோயில் திருவிழாவுக்கு என்று வந்தார்கள். அதே கறுப்பு ஓரம், அதே மஞ்சள் மூலை வேண்டும் என்றார்கள். பிறகு தாங்களே செய்து பார்க்கத் தாளும் பஞ்சும் வாங்கினார்கள். முறுக்கு பிழியக் கேட்டவள் பஞ்சில் மூன்று வாங்கினாள்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் சம்பந்தி அம்மா தன் காசில் ஒரு மூட்டை அரிசி இறக்கினார். அன்று மதியம் பெரிய தட்டை எடுத்தார், மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்தார், இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார். நான் பார்க்காததுபோல் பார்த்தேன். “என்ன சம்பந்தி, பருக்கைய எண்ணுறீங்களா?” என்றார்.

சம்பந்தி அம்மா காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கருமக்கிரியை அறிவிப்பை வாட்ஸப்பில் அனுப்பிவிடலாம் என்று மகன் சொன்னான். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பின்னறையிலிருந்து பாலாடை நிற அட்டையை எடுத்து, அவர் செய்த மாதிரியே ஓரங்களை இங்க் பேடில் தேய்த்தேன். மஞ்சள் வைக்கவில்லை. முறைப்படி எல்லாம் சரியாகச் செய்து, எண்ணி, தபாலில் சேர்த்தேன்.

மறுநாள் தொலைபேசி ஒலித்தது. லாரி முதலாளி, லாரி வேலையாக மனைவியோடு வெளியூர் போய்ச் சில வாரங்கள் ஆகியிருந்தன, சாவுச் செய்தி அவரை எட்டவில்லை. வீட்டுக்குக் காவலிருந்த பையன் கார்டின் வெளிப்பக்கத்தை மட்டும் படம் பிடித்து அனுப்பியிருந்தான். “அண்ணே, கார்டு வந்துச்சு. உள்ள இன்னும் பாக்கல. என்ன விசேஷம்? மஞ்ச வைக்க மறந்துட்டீங்க போல.” அவரைத் தொடர்ந்து வெளியூர்களிலிருந்து இன்னும் நால்வர் அதையே கேட்டார்கள். ஒருவரும் வாசலில் நின்று கிழிக்கவில்லை. எல்லோரும் அதை வீட்டுக்குள் கொண்டுபோய், கண்ணாடியைத் தேடி எடுத்துப் பிரிப்பதற்கு முன்பே, சந்தோஷமாக என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் நானே வாயால் சொல்ல வேண்டியிருந்தது.

இன்று காலை இழுப்பறையை ஒழுங்குபடுத்தும்போது இங்க் பேட் கையில் தட்டுப்பட்டது. புரை எடுத்த பிறகு நான் அதை நல்ல வெளிச்சத்தில் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு துண்டு அட்டையின் ஓரத்தில் தேய்த்து, துணிக்கொடி அருகே கொண்டுபோய் வெயிலில் பிடித்தேன். இந்தப் பக்கம் திருப்பினேன், அந்தப் பக்கம் திருப்பினேன்.

காப்பிதான், சம்பந்தி அம்மா. பால் விடாத காப்பி.