சேம்பு என்று நினைத்த பூ

யாராவது சேப்பங்கிழங்கு என்று சொன்னால் போதும், என் நாக்கு நுனி இன்றும் அரிக்கத் தொடங்கிவிடும்.

கம்போங் ராஜா என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், நாங்கள் இருந்தோம். மேனேஜர் பங்களாவில் பூச்செடிகளைப் பார்த்துக்கொண்ட அப்பா, அங்கே கழித்துப்போட்ட காலா லில்லிக் கிழங்குகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார். கொழுந்து பறித்துவிட்டு வந்த களைப்போடு அம்மா அவற்றை வீட்டுக்குப் பின்னால், எப்போதும் ஈரமாக இருக்கும் வாய்க்காலோரத்தில் வரிசையாக நட்டார். மிஞ்சிய ஒன்றைப் பால்மாவு டின்னில் வைத்துச் சமையலறைச் சன்னலில் ஏற்றினார். ஈஸ்டருக்குக் கோயில் பீடத்தில் வழக்கமான காகிதப்பூவுக்குப் பதிலாகத் தன் கையால் வளர்த்த வெள்ளைப்பூ நிற்கவேண்டும் என்று அவருக்கு ஆசை.

பூக்கும் முன்பே, தம்பியைப் பெற அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனார். எங்களுக்குச் சமைத்துப்போடப் பக்கத்து வீட்டுச் செல்லம்மா அத்தை வந்தார். சும்மா இருக்கத் தெரியாதவர். வாய்க்காலோரத்து இலைகளைப் பார்த்ததும், பிள்ளைகள் ருசியாகச் சாப்பிடட்டுமே என்று வரிசை முழுவதையும் தோண்டி, "சேம்பு" புளிக்குழம்பு வைத்துவிட்டார். முதல் வாயிலேயே எங்களுக்கு அரித்தது. புளி போதவில்லை என்று அத்தை இன்னும் கொஞ்சம் கரைத்து ஊற்றினார். நாங்கள் தட்டைத் தள்ளிவிட்டோம். வீணாக்க மனமில்லாத அவர் மட்டும் தின்று தீர்த்தார். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸர் வந்து பார்த்தபோது அத்தையின் உதடு பணியாரமாக வீங்கியிருந்தது. சிரிக்கக் கூடாது என்று தெரிந்தும் சிரித்தோம்.

குழந்தையோடு திரும்பிய அம்மா, வெறும் மண்ணைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றார்.

"எலையப் பாத்தா சேம்புதான் லா. பூவுன்னு நான் எங்க கண்டேன்?" என்றார் அத்தை.

அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து அத்தை எங்கள் வாசலை மிதிக்கவில்லை, அம்மாவும் கூப்பிடவில்லை. நடுவில் இருந்தது ஒரு பலகைச் சுவர்தான், அவர் இருமுவதுகூட எங்களுக்குக் கேட்கும். குழம்பைவிட எனக்கு அந்த மௌனம்தான் அதிகம் உறுத்தியது.

ஈஸ்டருக்கு முந்தைய நாள், டின்னில் இருந்த ஒற்றைச் செடி பூத்தது. அம்மா அதை வெட்டி என்னிடம் நீட்டினார். கோயிலுக்குத்தான் என்று நான் காலுக்குச் சப்பாத்தைத் தேடினேன்.

"அத்தை வீட்டுல குடு. இதுதான் அந்தச் சேம்புன்னு சொல்லு," என்றார்.

அத்தை அதை வாங்கி மாரியம்மன் படத்துக்கு முன்னால் வைத்தார். மறுநாள் பீடத்தில் காகிதப்பூதான் இருந்தது. அம்மா உள்ளே முழந்தாளிட்டிருக்க, கோயில் வாசலில் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு அத்தை உட்கார்ந்திருந்தார்.

இப்போது அந்த லயம் இல்லை; அங்கே பிளாஸ்டிக் கூரையின் கீழ் தக்காளி விளைகிறது. அம்மாவும் அத்தையும் இல்லை. என் அடுக்குமாடி வீட்டுச் சன்னலோரம் காலா லில்லித் தொட்டி ஒன்று இருக்கிறது. வருகிறவர்கள் பெயர் கேட்டால் சேம்பு என்கிறேன், தின்றுவிடாதீர்கள் என்றும் சொல்லிவைக்கிறேன். முதல் பூவை வெட்டும்போது மட்டும், எந்த வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.